எஞ்சின் நைனா கட்டிய லாரி

எஞ்சின் நைனாவிடம் ஒரு ஸ்பேனரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்தால் பூமிப் பந்தையே கழற்றிப் பாயில் பரப்பி வைத்துவிடுவார். திரும்ப மாட்டுவாரா என்றால், மாட்டுவார். மாட்டிய பிறகு சூரியன் மேற்கே உதிக்கும். பாயில் நாலைந்து போல்ட் கிடக்கும். அவற்றை மிச்சம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். "கம்பெனிக்காரன் தெரியாம எக்ஸ்ட்ரா போட்டுக்கறான்" என்று சொல்லி லுங்கி மடிப்பில் செருகிக்கொள்வார்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கடல். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் ஊர் மொத்தத்துக்கும் நைனா. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்த்ததால் எஞ்சின் நைனா.

படகு எஞ்சின் விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமே இல்லை. மற்ற சாமான்கள் அவரைப் பார்த்தால் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டு மிக்சியை ஒருமுறை சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அது பாதி அரைக்கும்போதே மூடியைத் தானாகக் கழற்றி எறிந்தது. அம்மா சட்னியைச் சுவரிலிருந்து வழித்துப் பரிமாறினாள். அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியைப் பார்த்துக் கொடுத்தார். பாட்டு நன்றாகத்தான் கேட்டது. நிறுத்தத்தான் முடியவில்லை. கடைசியில் ஒயரை அறுத்துத்தான் அம்மனைத் தூங்க வைத்தார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு லாரியைக் கட்டினார். எதற்காகக் கட்டினார் என்று சொல்ல வேண்டுமானால் அவர் சம்சாரம் கன்னியம்மா பெரியம்மாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மீன் விற்பதில் பெரியம்மாவை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. திருப்பாலைவனத்தில் நின்று அவள் "நண்டே" என்று ஒரு குரல் கொடுத்தால், காட்டூரில் நாற்று நட்டுக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். வீட்டிலும் அதே குரல்தான். "யோவ், உப்பு வாங்கினு வா" என்பாள். மூன்று தெரு தள்ளி இருப்பவர்களும் தங்கள் வீட்டில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். நைனா அந்தச் சத்தத்தின் நடுவில்தான் சாப்பிட்டார், தூங்கினார், எஞ்சின்களைக் கழற்றினார்.

இப்போது பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சந்தோஷம். ஆனால் மீன்கூடை பெண் இல்லையே. கூடையோடு ஏறினால் வண்டியில் இருக்கிற அத்தனை மூக்குகளும் சுருங்கும். மத்தியானம் குழம்பு வாசனைக்கு விரிகிற அதே மூக்குகள்தான். என் அம்மா கூடையை ஈரச் சாக்கால் மூடி, அதன் மேல் துண்டு போட்டு, துண்டின் மேல் ஒரு முழம் பூவும் வைத்துக்கொண்டு பின்படியில் நின்று போவாள். யாராவது திரும்பிப் பார்த்தால் பூக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பெரியம்மாவின் நண்டுக் கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து, முன் சீட்டில் இருந்த யாருடைய செருப்பையோ நனைத்துவிட்டது. கண்டக்டர் விசில் அடித்தார்.

"ஏம்மா, கூடைய எடுத்துனு எறங்கு. நாத்தம் தாங்கல. பின்னால வர்ற வண்டில வா."

திருப்பாலைவனம் வருவதற்கு முன்னால், ரெண்டு பக்கமும் வயல், ஒரு மரம் கூட இல்லாத இடம். இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் வந்த வண்டி கூடையைப் பார்த்துவிட்டு நிற்காமலே போனது. பெரியம்மா கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் நடந்தே திரும்பினாள். ஏரிக்கரைக்குப் போய், உயிரோடு இருந்த அத்தனை நண்டையும் தண்ணீரில் கொட்டினாள். வீட்டுக்கு வந்து, "இனிமே அடுத்தவன் வண்டில காலு வெக்க மாட்டேன்" என்று சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போகவில்லை. குரலும் போய்விட்டது. பேசாமல் இல்லை, எல்லாரையும் போலப் பேசினாள். கன்னியம்மா எல்லாரையும் போலப் பேசினால் அது வியாதிதான்.

நைனா ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து குந்தினார். நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு, வேலை தேடுவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

"ஊடு ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்றார். "அவ கத்தாம எனக்கு சோறு எறங்கல."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் நைனா. சந்தைக்கு வர மாட்டேன்றா" என்றாள் அம்மா.

"அடுத்தவன் வண்டில தான ஏற மாட்டேன்னா? நம்ம வண்டினா ஏறுவா இல்ல?"

"நம்மகிட்ட ஏது வண்டி?"

நைனா அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "படகு நம்மகிட்ட எப்டி வந்துச்சு? கட்னோம். வண்டியும் அப்டி தான். கட்டிக்க வேண்டியது."

கட்டினார்.

முதலில் உடம்பு வந்தது. காட்டூரில் ஒரு விவசாயியின் களத்து மேட்டில், எஞ்சின் செத்துப்போன பெட்ரோல் மினி லாரி ஒன்று பல வருஷமாகக் கோழிக் கூண்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நைனா அதைக் கேட்டார். விவசாயி சந்தோஷமாகக் கொடுத்தார். கோழிகளிடம் யாரும் கேட்கவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தபோது, டிரைவர் சீட்டுக்கு அடியில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி இறங்க மறுத்து, கடைசி வரைக்கும் கூடவே வந்து எங்கள் குப்பத்துக் கோழியாகிவிட்டது.

குப்பத்து மணல் வந்ததும் டிராக்டர் டிரைவர், இதற்கு மேல் வர முடியாது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஆண்கள் எல்லாரும் வந்து வடம் கட்டி, கரைவலை இழுப்பது போல இழுத்தார்கள். கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கடலைப் பார்த்து நின்றுகொண்டு, கயிற்றை இடுப்போடு அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு எட்டாகப் பின்னாலேயே நடந்து இழுக்க வேண்டும். முன்னால் நடக்கவே கூடாது. அப்படிப் பின்னால் நடந்தே அந்த லாரியை நைனா வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

அடுத்தது எஞ்சின். நைனா தன் சொந்தப் படகிலிருந்த டீசல் எஞ்சினையே கழற்றிவிட்டார். ஊரே திகைத்தது. எஞ்சின் போனால் படகு எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, "ஏரி முழங்கா ஆழம். கோலு ஊணிகினு போனா ஆச்சு. அவளுக்கு கோலு ஊணிகினு பொன்னேரி போவ முடியுமா?" என்றார். 

மூன்று சவுக்கு மரத்தைக் கூம்பாக நிறுத்தி, அதில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டார். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கேட்கும்படி நைனா எஞ்சினோடு சத்தமாகப் பேசுவார். "அவள முன் சீட்ல குந்த வெச்சி சந்தைக்கு இட்டுனு போறோம், இன்னா?" எஞ்சின் பதில் சொல்லாது. பெரியம்மாவும் சொல்ல மாட்டாள்.

வேலையில் ரெண்டு தப்பு நடந்தது. படகைத் தவிர வேறெதையும் அறியாத மனுஷன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ரெண்டும்.

முதலாவது, தண்ணீர். படகு எஞ்சின் ஏரித் தண்ணீரைக் குழாயில் உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். நைனா அந்தக் குழாயை ஒழுங்காக மாட்டி, அதன் மறுமுனையை லாரிக்கு வெளியே தொங்கவிட்டார். ரோட்டில் ஏரி இருக்காது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. நான்தான் கேட்டேன்.

"நைனா, தண்ணி எங்கேந்து வரும்?"

குழாயைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது. அதில் ஏரியை நிரப்பி எடுத்துப் போவது என்று முடிவாயிற்று. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் டிரம் கொதிக்கும். பிற்பாடு பெண்கள் அதில் முட்டை அவித்தார்கள். முட்டை அந்தக் காட்டூர்க் கோழி போட்டது.

ரெண்டாவது தப்பு வெள்ளோட்டத்தன்றுதான் தெரிந்தது.

அன்றைக்குக் குப்பமே கூடியது. சூடம் கொளுத்தி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் அம்மாவும் மற்ற பெண்களும் கெஞ்சிக் கூத்தாடி பெரியம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தாள். நைனா கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் இருமி, செருமி, புகையைக் கக்கி, 'தட தட' என்று பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தார். முதல் கியர் போட்டார். கிளட்சை விட்டார்.

முன்னால் இருந்த எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. லாரி பின்னால் போனது.

சாதாரணமாகப் போகவில்லை. ஆவேசமாகப் போனது. பின்னால் நின்றிருந்த கூட்டம் சிதறியது. வலை காயப்போட்டிருந்த கம்பங்கள் சாய்ந்தன. வலை லாரியைச் சுற்றிக்கொண்டது. நைனா பதறிப்போய் அடுத்த கியரைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடைசியில் பின்சக்கரம் ஏரிக்குள் இறங்கி, எஞ்சின் தன் பழைய இடத்தை மோந்து பார்த்த திருப்தியில் நின்றது.

 அப்புறம் வலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யோவ் கஸ்மாலம், உனக்கு கண்ணு இன்னா பின்னந்தலைலயா கீது? ஊர்ல ஒவ்வொருத்தன் பொண்டாட்டிய முன்னால இட்டுனு போறான், நீ இன்னாடான்னா குட்டைல தள்றியே! புதுப் பொடவைய்யா இது!"

நாங்கள் எல்லாரும் அசந்துபோனோம். பழைய குரல். காட்டூர் வரைக்கும் கேட்டிருக்கும். நைனா வலைக்குள் சிக்கிய விரால் மாதிரி நெளிந்துகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பேசிட்டா" என்றார். "பாப்பா, கேட்டியா? பேசிட்டா."

என்ன நடந்ததென்றால், படகில் எஞ்சினின் சக்கரம் பின்பக்கம் பார்த்து உட்காரும். பழக்க தோஷத்தில் நைனா லாரியிலும் அதை அப்படியே உட்கார வைத்துவிட்டார். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஆகவே முன்னால் போக வேண்டிய நாலு கியரிலும் வண்டி பின்னால் போகும். பின்னால் போக வேண்டிய ஒரே கியரில் மட்டும் முன்னால் போகும். அதுவும் ஆமை வேகம்.

எஞ்சினைத் திருப்பி மாட்டுவதென்றால் பெல்ட், தாங்கி, குழாய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரியம்மாவின் குரல் இப்போதுதான் திரும்பி வந்திருந்தது. ஆறவிட்டால் மறுபடி போய்விடுமோ என்று நைனாவுக்குப் பயம். கரையில் உட்கார்ந்து யோசித்தார்.

"எஞ்சின் திரும்பலனா இன்னா, நம்ம திரும்பி குந்திக்கலாம்" என்றார்.

"நைனா, வண்டி பின்னால பின்னால போவும் நைனா" என்றேன்.

"கரவலை இழுக்கறவன் இன்னா முன்னாலயா போறான்? பின்னால தான் போறான். மீனு வரல?"

டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட்டார். முதுகுக்குப் பின்னால் போய்விட்ட ஸ்டியரிங்கோடு ஒரு நீண்ட இரும்புத் தடியை இணைத்து, அதைப் படகின் சுக்கான் போல அக்குளில் இடுக்கிக்கொண்டார். கேபினின் பின்சுவரை வெட்டி எடுத்தார். இப்போது அவருக்கு எதிரில் லாரியின் தளம். தளத்தின் கடைசிப் பலகைதான் இனிமேல் வண்டியின் முகம். அதில் பெயிண்டால் 'கன்னியம்மா துணை' என்று எழுதினார். சாமி பேரா, பெண்டாட்டி பேரா என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் பயம் தான்" என்பார்.

ஒரு சிக்கல் இருந்தது. பெண்களும் கூடைகளும் தளத்தில் ஏறினால் அவருக்கு ரோடு தெரியாது. அதனால் பலகையில் உட்காருகிற பெண்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் இடது வலது என்று சொல்லவில்லை. படகில் சொல்வது போலத் திசையைத்தான் சொன்னார்கள். வடக்கே போக வேண்டுமென்றால் "வாடப் பக்கம்". ரோடு வளைந்தால் திசையும் மாறுமே என்று நான் கவலைப்பட்டேன். அவர்கள் யாரும் கவலைப்படவில்லை. நைனாவுக்கு வடக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

சட்டப்படி இது சரியா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரியில்லை. அதனால்தான் நான் என் ஸ்கூட்டியில் முன்னால் போய், எதிரே வருகிறவர்களை எச்சரிக்கும் பைலட்டாக நியமிக்கப்பட்டேன். வேலை தேடுவதாகச் சொன்ன எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

முதல் நாள் சந்தைக்குக் கிளம்பினோம். முந்தின நாள் முழுக்கத் திட்டித் தீர்த்த பெரியம்மா, யாரும் கூப்பிடாமலே நண்டுக் கூடையோடு வந்து கடைசிப் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முன் சீட்டில் உட்கார வைக்கத்தானே கட்டியது என்று நைனா இழுத்தார். "இது தான்ய்யா முன்னால" என்றாள். பக்கத்தில் அம்மா, தேசம்மா அக்கா, இன்னும் நாலைந்து பேர். டிரம்மில் ஏரி தளும்பியது. கோழியும் வந்தது.

வயல்களுக்கு நடுவே ரோடு குறுகுகிற இடத்தில் எதிரே பேருந்து வந்தது.

அந்த டிரைவரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் தெரிகிறது. நமக்கு முன்னால் ஏதோ வண்டி போகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வழி கேட்டு ஹார்ன் அடித்தார். லாரி விலகவில்லை. மறுபடி அடித்தார். லாரி பெரிதானது. நான் ஸ்கூட்டியிலிருந்து ரெண்டு கையையும் ஆட்டினேன். அவரும் சிநேகமாகக் கையாட்டினார். முன்னால் போகிற லாரி ஏன் கிட்டே கிட்டே வருகிறது என்று அவருக்குப் புரிந்தபோது, பிரேக்கின் மேல் ஏறி நின்றார். வண்டி ஒரு சிலிர்ப்போடு நின்றது.

கண்டக்டர் குதித்து இறங்கினார். அதே கண்டக்டர்.

ஒரு பக்கம் கால்வாய். பேருந்து ஓரங்கட்டிவிட்டது, லாரி உரசாமல் கடந்தால்தான் ரெண்டு பேரும் பிழைக்க முடியும். ஒரு வண்டி ரிவர்ஸில் வருவதைப் பார்த்ததும் அந்த மனுஷரின் கைகள் தொழில் பழக்கத்தில் தாமாகவே எழுந்துவிட்டன. வாயில் விசில். கண் சக்கரத்தின் மேல்.

"வரலாம்... வரலாம்... வா... வா வா வா..."

நைனா தடியைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக விட்டார். பலகையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, தன்னைப் பார்த்து வா வா என்று கையாட்டுகிற அந்த ஆளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரொம்பக் கிட்டே வந்ததும் அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"இன்னாபா நிறுத்திட்ட?" என்றாள் பெரியம்மா. கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "வான்னு சொல்லு."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வாம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அந்த வயல்வெளியின் நடுவில், முன்பு அவளை இறக்கிவிட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"நண்டே..."

பேருந்தின் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. மூக்குகளும் சேர்ந்துதான் நீண்டன. "உயிர் நண்டா?" என்று ஒருத்தர் கேட்டார். திருப்பாலைவனம் போய்ச் சேருவதற்கு முன்பே பெரியம்மாவின் கூடை பாதி காலி. கண்டக்டரும் வாங்கினார். அவருக்குப் பெரியம்மா தேர்ந்தெடுத்துச் சினை நிறைந்த பெட்டை நண்டாகக் கொடுத்தாள். விலையில் மட்டும் ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து வெகுநேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "காத்து மூஞ்சில அடிச்சிச்சுடி" என்றாள். கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே வாழ்கிறவள் காற்றைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்படியில் நிற்கிறவளுக்குக் காற்று வராது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் அந்தக் கடைசிப் பலகைக்கு அடிதடி. ஏறுகிறவர்கள் கூடிவிட்டார்கள், எல்லாருக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். எங்கள் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். காலங்காலமாக ஆண்களுக்கு மட்டும் உண்டான வழக்கம். பெண்கள் அதை எடுத்துப் பலகைக்கு வைத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பாடு பிரித்தார்கள். வண்டி யாருக்காகக் கட்டியதோ அந்தப் பெரியம்மாவும் தன் பேரையும் ஒரு சீட்டாகப் போட்டாள். மூன்று வாரம் அவளுக்குப் பாடே விழவில்லை. மீன்களோடு உட்கார்ந்துகொண்டு சீட்டைத் திட்டினாள்.

பொன்னேரிப் பெரிய சந்தைக்கு மட்டும் போக முடியவில்லை. திருப்பாலைவனத்தில் ஒரு போலீஸ்காரர் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் நின்று விசாரிப்பது என்று தெரியாமல் கடைசியில் கோழியிடம் போய் நின்றார். "இங்கேந்து அந்தாண்ட ஒரு அடி வெச்சாலும் வண்டி ஸ்டேஷனுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, கொடுவா மீன் என்ன விலை என்று கேட்டார். அதனால் எங்கள் சந்தை திருப்பாலைவனத்திலேயே நின்றது. அதுவே போதுமாக இருந்தது.

ஒருமுறை பொன்னேரி மெக்கானிக் ஒருவர் ஏதோ வேலையாகக் குப்பத்துக்கு வந்தவர், லாரியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். எஞ்சினைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், கூட இருந்து உதவுகிறேன் என்றார். நைனாவுக்கும் மனசுக்குள் ஒரு குறை இருந்திருக்க வேண்டும். முன் சீட்டில் உட்கார வைப்பேன் என்று சொன்னாரே. ரெண்டு பேருமாகப் பாடுபட்டு எஞ்சினையும் சீட்டையும் திருப்பிப் போட்டார்கள். லாரி எல்லா லாரியும் போலவே முன்னால் போனது. பெரியம்மா முன் சீட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் பின்னால் தூசியும் புகையும் குடித்துக்கொண்டு வந்தார்கள்.

திருப்பாலைவனத்தில் பெரியம்மா இறங்கினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், இது எல்லா வண்டி மாதிரியும் கீது."

"அப்டி தான இருக்கணும்?"

"ஒண்ணும் வாணாம். ஜனம் பூரா பின்னால தூசி துன்னுது, நான் மட்டும் ராணி மாதிரி இங்க குந்தினு வரணுமா? பழையபடி மாத்து."

 வீட்டுக்கு வந்ததும் நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அவர் செய்த தப்பு ஒன்றைத் திரும்பச் செய்துதரச் சொல்லி யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை. மாட்டி முடித்தபோது பாயைத் தட்டிப் பார்த்தோம். ஒரு போல்ட் கூட மிச்சமில்லை.

எனக்குச் சென்னையில் நிஜமாகவே வேலை கிடைத்தது. என் படிப்பும் அந்த வேலைக்காக நான் அலைந்த அலைச்சலும் அம்மாவின் கூடையிலிருந்து வந்தவை. அதில் கடைசிச் சில மாதச் செலவு அந்தப் பலகையிலிருந்து வந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் திருப்பாலைவனம் வரைக்கும் லாரியிலேயே போனேன். அன்றைக்குப் பலகையில் பெரியம்மாவோடு அம்மாவுக்கும் பாடு விழுந்திருந்தது. தன்னுடையதை அம்மா எனக்கு விட்டுக்கொடுத்தாள். பாடு அப்படிக் கை மாறக் கூடாது என்று தேசம்மா அக்கா முனகினாள். "அவ நம்ம பைலட்டு, குந்தட்டும்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்.

உட்கார்ந்தேன். ரெண்டு பக்கமும் வயல் விரிந்து வந்தது. காற்று முகத்தில் அடித்தது. அம்மா சொன்னது சரிதான்.

வழி நெடுக நைனாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. நன்றி என்கிற வார்த்தையை எங்கள் குப்பத்தில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அந்த வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மைக் கொண்டுபோகிறவர் நமக்குப் பின்னால் இருப்பார். முகம் பார்க்க வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். திரும்பினேன். கூடைகளுக்கு அப்பால், கொதிக்கிற டிரம்மின் ஆவிக்கு நடுவில், சுக்கான் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மடியில் கோழியோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா பின்னால பாக்கற?" என்றார். "நீ பாக்கற பக்கம் தான் நான் வண்டி உடணும். முன்னால பாரு."

முன்னால் பார்த்தேன். ரோடு சரியாகத் தெரியவில்லை. தூசி என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பலாம். பக்கத்தில் இருந்த பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குப் பதிலாகக் குரல் கொடுத்தாள். "வாடப் பக்கம் வாய்யா, மெதுவா."

இப்போது தினமும் ஆபீசுக்கு மின்சார ரயிலில் போகிறேன். ஜன்னலோரம் இடம் கிடைத்து, காற்று முகத்தில் அடிக்கிற நாட்களில், எனக்குப் பின்னால் நைனா சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது.